மருந்துக்கடை ஞானசெல்வியின் மருமகள்

மணலி புதுநகர் பக்கத்தில் ஒரு கன்டெய்னர் யார்டு. டிரெய்லர் வண்டிகள் உள்ளே நுழையும் வாசலில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் ஜெனி உட்கார்ந்திருப்பாள். வண்டி எண்ணும் பெட்டி எண்ணும் சீல் எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து உள்ளே விடுவது அவள் வேலை. உட்கார்ந்திருப்பாள் என்று சொன்னது பேச்சுக்குத்தான். பாதி நேரம் வெளியே ரோட்டில் நின்று கத்திக்கொண்டிருப்பாள். வரிசையை உடைத்து மூக்கை நுழைக்கிற டிரைவர் யாராக இருந்தாலும் சரி, வயதையும் பார்க்க மாட்டாள், மீசையையும் பார்க்க மாட்டாள். "இன்னா நைனா, உனக்கு மட்டும் தனியா ரோடு போட்டுகீதா? பின்னாடி போ" என்பாள். அவ்வளவு பெரிய வண்டி உறுமிக்கொண்டே பின்னாடி போகும்.

டிரைவர்களுக்கு அவள் மேல் கோபம் வராததற்குக் காரணம் உண்டு. ஒருவனுக்குச் சலுகை காட்டி இன்னொருவனை வெயிலில் காயவிட்டவள் இல்லை அவள். வரிசை நகராத நாட்களில் டிரைவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவள் குரல் வரும். துறைமுகம் பக்கம் அடைத்துக்கொண்டிருக்கிறது, யாரும் அவசரப்படாதீர்கள், டீ குடித்துவிட்டு மெதுவாக வாருங்கள் என்று. வீட்டில் பெண்டாட்டி பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாத மனுஷர்கள்கூட அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டார்கள். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி எவ்வளவு ரத்தத்தை இழந்துகொண்டு அங்கே நிற்கிறாள் என்பது ஒருவருக்கும் தெரியாது. சொல்லப்போனால் அவளுக்கே தெரியாது.

சின்ன வயதில் அவளுக்கு மூக்கிலிருந்து ரத்தம் வரும். உடம்புச் சூடு என்று உச்சந்தலையில் விளக்கெண்ணெய் வைத்தார்கள். கடைவாய்ப் பல் பிடுங்கிய அன்று தலையணை நனைந்து பாய்வரை இறங்கியது. அதுவும் சூடு. வயதுக்கு வந்த பிறகு மாதத்தில் பாதி நாள் அவளுக்கு அதே பாடுதான். பள்ளிக்கூட பெஞ்சிலிருந்து எல்லோரும் போன பிறகுதான் எழுந்திருப்பாள். அவளை வளர்த்த, அம்மாவின் தங்கையான சித்தியிடம் கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "நம்ம வூட்டு பொம்பளைங்களுக்கு அப்படித்தான். எனக்கும் அப்படித்தான், உங்கம்மாவுக்கும் அப்படித்தான்." அம்மா, தம்பியைப் பெற்று வீட்டுக்கு வந்த பிறகு, இரண்டு வாரம்கூட முடியாத நிலையில் போய்விட்டவள். பிரசவம் நல்லபடியாக நடந்த வீட்டில் அப்புறம் எப்படி சாவு விழுந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஜன்னி என்றார்கள். அந்தச் சொல்லோடு பேச்சை மூடிவிட்டார்கள்.

எர்ணாவூர் ஜெபினைக் கல்யாணம் செய்தபோது ஜெனிக்கு இருபத்தைந்து வயது. ஜெபின் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையில் ஷிப்டு வேலை பார்க்கிறவன். வாய் அதிர்ந்து பேசாதவன். அவன் அம்மா ஞானசெல்விக்கு அந்தக் குறையே கிடையாது. உடன்குடியிலிருந்து கல்யாணமாகி வந்தவர், கணவர் போன பிறகு நாட்டு மருந்துக்கடையை ஒற்றை ஆளாக நடத்துகிறவர். சுக்கு, திப்பிலி, சித்தரத்தை, ஓமம், கருப்பட்டி என்று கடைக்குள் நுழைந்தாலே தும்மல் வரும். அந்தக் கடையின் பெயர் எண்ணூர்வரை பரவியது அவர் இடிக்கும் பேறுகால மருந்தால். பிள்ளை பெற்ற வீட்டார் கேட்டால் மருந்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட மாட்டார். தானே போய்க் கிளறிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து உருட்டி ஊட்டிவிட்டு வருவார். வயிற்றில் இருக்கிற அழுக்கு ரத்தம் எல்லாம் கழிந்து போனால்தான் பெண் மறுபடி பெண் ஆவாள், தங்கிவிட்டால் ஆயுசுக்கும் வலி என்பது அவர் கட்சி. நன்றாகக் கழிகிறது என்று கேள்விப்பட்டால் அவர் முகம் மலரும்.

மாமியாரும் மருமகளும் வாயாடிகள் என்பதால் வீடு இரண்டுபடும் என்று தெருவே காத்திருந்தது. நடந்தது வேறு. இரண்டு பேருக்கும் ஒருவர் வாய் இன்னொருவருக்குப் பிடித்துப்போனது. ஜெபின் சாப்பிட்டு எழுந்து போனது தெரியாமல் இருவரும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஜெனிக்கு நாள் தள்ளிப்போனதும் அரசு மகப்பேறு மருத்துவமனையில் காட்டினார்கள். டாக்டர் மகிமா சின்ன வயதுக்காரி. மற்ற டாக்டர்கள் கேட்காத கேள்விகளை நிதானமாகக் கேட்டாள். பல் பிடுங்கினால் ரத்தம் எப்போது நின்றது, மூக்கில் வருமா, மாதவிலக்கு எத்தனை நாள், அம்மா எப்படி இறந்தார். ஜெனி சிரித்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லை. ரத்தத்தை எடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்கு அனுப்பினாள். முடிவு வந்தபோது புரியும்படிதான் சொன்னாள். வெட்டுப்பட்ட இடத்தில் ரத்தம் ஒட்டி உறைவதற்கு உடம்பில் பசை மாதிரி ஒரு பொருள் இருக்கிறது, ஜெனிக்கு அது பிறவியிலேயே குறைவு. தாய்வழியில் வந்திருக்க வேண்டும். கர்ப்ப காலத்தில் அது தானாகவே கூடும், அதனால் பிள்ளை பெறுவதில் பயம் அவ்வளவு இல்லை. பிறந்த பிறகு கூடியது சடசடவென்று இறங்கும். ஆபத்து அப்போதுதான், வீட்டுக்குப் போன பிறகு, எல்லோரும் கொஞ்சம் அசந்திருக்கும் வாரங்களில்.

அம்மா போன வாரங்களைத்தான் டாக்டர் சொல்கிறாள் என்று ஜெனிக்கு விளங்கியது. பிள்ளை வேண்டும். பிள்ளையை வளர்க்கத் தானும் வேண்டும். அம்மாவின் முகம் நினைவில்லாமல் வளர்வது எப்படி என்று தெரிந்தவள் அவள். அதைத் தன் பிள்ளைக்குக் கொடுக்க அவளுக்கு மனமில்லை.

எட்டாம் மாதம் ஞானசெல்வி ஊரிலிருந்து கருப்பட்டி வரவழைத்து, வாழ்நாளில் இடித்ததிலேயே சிறந்த மருந்தை இடித்து வைத்தார். டாக்டரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தார். டாக்டர் வேண்டாம் என்றாள். ரத்தத்தை என்ன செய்யும் என்று தனக்குத் தெரியாத எந்த மருந்தும் இவளுக்கு இப்போது கூடாது, ஆஸ்பத்திரியில் தரும் மாத்திரை மட்டும்தான், அது ரத்தப்போக்கை மட்டுப்படுத்தும் மாத்திரை என்றாள். ரத்தத்தைக் கழியவிடாத மாத்திரையா என்று ஞானசெல்விக்குத் தூக்கிவாரிப்போட்டது. மருமகள் வயிற்றில் அழுக்கைக் கட்டிவைக்கப் பார்க்கிறார்கள் என்று வழியெல்லாம் புலம்பினார். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். கடைக்கு வந்தவர்களுக்கு எடை நிறுத்துப் போட்டாரே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. எர்ணாவூரில் அது பெரிய செய்தியாகிவிட்டது.

அடுத்த தடவை போனபோது டாக்டர் மகிமா ஜெனியை விட்டுவிட்டு ஞானசெல்வியை எதிரே உட்காரவைத்தாள். அந்தப் பெண் படித்தது வீண் போகவில்லை என்று சொல்ல வேண்டும்.

"அம்மா, நீங்க எத்தனை பிள்ளைத்தாச்சியைப் பார்த்திருப்பீங்க?"

"எண்ணியாவா பாத்தேன்" என்றார் ஞானசெல்வி, முகத்தைத் திருப்பிக்கொண்டே.

"அதனால்தான் கேக்கறேன். இவளை நம்ப முடியாதும்மா. பொறந்ததுலேர்ந்து ரத்தம் கொட்டிப் பழகினவ. எவ்வளவு போனாலும் இவளுக்கு அது சாதாரணம்தான். எது அளவு, எது அளவுக்கு மேலன்னு உங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்த பிறகு இவளை நீங்கதான் பாக்கணும்."

ஞானசெல்வி திரும்பி மருமகளைப் பார்த்தார். தான் இதுவரை பார்த்த பெண்களில் ஒருத்திகூட இப்படி இருந்ததில்லை என்பதை அப்போதுதான் யோசித்தார் போலிருக்கிறது. அன்று சாயங்காலம் மருந்துப் பானையைத் தூக்கி நெட்டுக்குப்பத்தில் பிள்ளை பெற்றிருந்த வேறொரு பெண்ணுக்குக் கொடுத்து அனுப்பினார். அந்தப் பெண்ணிடமும் முன்னாலேயே பல் பிடுங்கிய கதையெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் கொடுத்தார்.

வலி எடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. இந்த இடத்தில் டிரைவர்கள் செய்த கூத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஜெனிக்கு ரத்த வியாதி, பிரசவத்துக்குப் போயிருக்கிறாள் என்ற செய்தி எப்படியோ குழுவில் பரவிவிட்டது. ரத்த வியாதி என்றால் ரத்தம் வேண்டும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று பரசுராமன் முடிவு கட்டினார். அவர்தான் டிரைவர்களில் மூத்தவர். அவரும் அவர் கூட்டமும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்து நின்றார்கள். வந்த இடத்திலும் வரிசையில்தான் நின்றார்கள். ஜெனி கொடுத்த பழக்கம் அது. டாக்டர் வெளியே வந்து, இவளுக்கு உங்கள் ரத்தம் வேண்டாம், உறையவைக்கிற மருந்துதான் வேண்டும், அது ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று விளக்கினாள். பரசுராமனுக்கு மனம் ஆறவில்லை. சுருட்டிய கையை இறக்கிவிட்டுப் போனால் ரோட்டில் மரியாதை இருக்காது என்றார். சிரித்துவிட்ட டாக்டர் அவர்களை ரத்த வங்கிக்கு அனுப்பினாள். முன்பின் தெரியாத யார் யாருக்கோ அன்று ரத்தம் கிடைத்தது. வந்தவர்கள் எல்லோரும் பிஸ்கட் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தபோது பெண் குழந்தை பிறந்தது. கத்தலைக் கேட்டு, அம்மா குரல்தான் என்று எல்லோரும் ஏகமனதாகச் சொன்னார்கள்.

டாக்டர் சொன்னபடியே பிரசவம் சுமுகமாக முடிந்தது. மருந்தை ஏற்றினார்கள், சில நாள் வைத்திருந்து பார்த்தார்கள், மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். குழந்தைக்கு ஷிஜி என்று பெயர் வைத்தார்கள்.

வீட்டில் ஞானசெல்வியின் ராஜ்ஜியம் தொடங்கியது. மாத்திரை நேரத்தை ஒரு நிமிடம் தவற விடமாட்டார். மருமகள் குளியலறைக்குப் போனால் வெளியே காவல் நிற்பார். எப்படி இருக்கிறது என்று கேட்பார், சொன்னால் நம்பாமல் தானே போய்ப் பார்ப்பார். ஜெனிக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. சொந்த அம்மா இருந்தால்கூட இப்படிப் பார்த்திருக்க மாட்டாள் என்று அலுத்துக்கொண்டாள். சொல்லிவிட்டு, அம்மாவை யாராவது இப்படிப் பார்த்திருந்தால் என்று யோசித்தாள்.

இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் காலை. ஜெபின் வேலைக்குப் போய்விட்டான். அந்த ஆலைக்குள் போனைக் கொண்டுபோக விட மாட்டார்கள், கேட்டிலேயே வாங்கிவைத்துவிடுவார்கள். ஜெனி குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு எழுந்தாள். புடவை நனைந்திருந்தது. மாற்றிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அதுவும் நனைந்தது. அவளுக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை. இப்படி நனைந்துகொண்டே ஒரு பகல் முழுக்கக் கேட்டில் நின்று வண்டி அனுப்பியவள்தானே. துணியை அலசிப் போடப் போனவளைக் கதவருகே ஞானசெல்வி மறித்தார். துணியைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"இது சாதாதான் அத்த. எனக்கு எப்பவும் இப்படித்தான் வரும். சும்மா பேஜார் பண்ணாதீங்க."

"இது கழிவு இல்லட்டி" என்றார் ஞானசெல்வி. அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து ஜெனி கேட்டதில்லை. "இது உன் உசிரு. கெளம்பு."

ரத்தம் கழியக் கழியச் சந்தோஷப்பட்டு வாழ்ந்த மனுஷி, அன்றைக்கு அந்தத் துணியைப் பார்த்துப் பயந்தார். கடை திறந்தது திறந்தபடி இருந்தது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, எதிர்வீட்டு கலீலுல்லாவின் ஆட்டோவில் மருமகளை ஏற்றினார். மடியில் சாய்த்துக்கொண்டார். டாக்டருக்குப் போன் போட்டு வந்துகொண்டிருப்பதாகச் சொல்லவும் மறக்கவில்லை.

கடலோர எக்ஸ்பிரஸ் ரோட்டுக்கு வந்ததும் ஆட்டோ நின்றுவிட்டது. துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் கண்ணுக்கெட்டிய தூரம்வரை மூன்று வரிசையாக அடைத்துக்கொண்டு நின்றன. ஒரு சைக்கிள் போக வழியில்லை. கலீலுல்லா ஹாரனை அழுத்திப் பார்த்தான். ஞானசெல்வி குழந்தையோடு இறங்கி முன்னால் நின்ற டிரெய்லரின் கதவை உள்ளங்கையால் தட்டி, வழிவிடச் சொல்லிக் கத்தினார். மேலே இருந்தவன், எங்கேம்மா ஒதுங்கச் சொல்கிறாய், கடலுக்குள்ளேயா என்று கேட்டான். அவன் கேட்டதிலும் தப்பில்லை.

ஜெனிக்கு அதற்குள் காது அடைக்க ஆரம்பித்திருந்தது. அப்போதுதான் அவளுக்கு அத்தை சொன்னது உறைத்தது. இது சாதா இல்லை. கீழே கிடந்த தன் போனை எடுத்துத் தரச் சொல்லிக் கலீலுல்லாவிடம் வாங்கினாள். வாட்ஸ்அப் குழுவைத் திறந்து, சீட்டில் சாய்ந்தபடியே கேட்டில் பேசுகிற அதே குரலில் பேசினாள்.

"ஜெனி பேசறேன். எக்ஸ்பிரஸ் ரோட்ல லைன்ல கீற வண்டி எல்லாம் கேளுங்க. எனக்கு ரத்தம் நிக்கல. ஆட்டோல ஆஸ்பத்திரி போய்கினு கீறேன். வலது ஓரம் கீற லைன் மட்டும் முன்னாடி நவுந்து, கேப்பு கிடைக்கிற எடத்துல உள்ள ஏறுங்க. மத்தவன் எவனும் வண்டிய அசைக்காத. அவசரத்துல குறுக்க போட்டுடாத."

பரசுராமனின் குரல் உடனே வந்தது: "ஜெனிம்மா, கண்ண மூடாத. ரோட்ட நாங்க பாத்துக்கறோம்."

அதற்குப் பிறகு அந்த ரோட்டில் நடந்ததை அங்கே டீக்கடை வைத்திருக்கிறவர்கள் இன்றும் சொல்வார்கள். முன்னால் எங்கோ ஒரு இன்ஜின் கிளம்பியது. அப்புறம் இன்னொன்று. டிரைவர்கள் கீழே குதித்து ஒருவருக்கொருவர் கைகாட்டி, அந்தப் பெரிய உடம்புகளை அங்குலம் அங்குலமாக ஒதுக்கினார்கள். வலது ஓரத்தில் ஓர் ஆட்டோ போகிற அகலத்துக்கு வழி திறந்தது. கடலுக்குள்ளேயா என்று கேட்டவன் தன் வண்டியை ஒதுக்கிவிட்டு ஆட்டோவுக்கு முன்னால் ஓடினான், கையை வீசிக்கொண்டே. திறந்த வழியில் கூடவே நுழையப் பார்த்த ஒரு காரை நான்கு பேர் சேர்ந்து நிறுத்தினார்கள். ஞானசெல்வி ஒரு கையால் குழந்தையையும் மறுகையால் மருமகளையும் பிடித்துக்கொண்டு ஜெபத்தை உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். நடுநடுவே கண்ணைத் திறடி என்று அதட்டவும் செய்தார். காசிமேடு தாண்டும்வரை அந்த வழி மூடவில்லை.

மருந்து ஏற்றிக் கொஞ்ச நேரத்திலேயே ரத்தப்போக்கு மட்டுப்பட்டது. சாயங்காலம் நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கைமீறிப் போயிருக்கும் என்றாள் டாக்டர் மகிமா. ஞானசெல்வியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். ஞானசெல்வி கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்து, சுற்றி யார் இருக்கிறார்கள் என்றும் பார்க்காமல் ஓவென்று அழுதார்.

"ஒங்கம்மைக்கு இத சொல்ல ஒருத்தி இல்லாம போயிட்டாளே மக்கா" என்றார்.

ஜெனியும் அழுதாள். அம்மாவுக்காக அவள் அழுதது அதுதான் முதல் தடவை. அழுது முடிந்ததும் இருவருக்கும் பசித்தது. ஷிப்டு முடிந்து தலைதெறிக்க ஓடிவந்த ஜெபின், இரண்டு பேரும் ஒரே பொட்டலத்தில் இட்லி தின்றுகொண்டிருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டான். அவர்கள் அவனைக் கவனிக்கவில்லை, பேசிக்கொண்டிருந்தார்கள்.

குழந்தைக்கும் இது வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம், கொஞ்சம் வளர்ந்த பிறகு பரிசோதித்தால்தான் உறுதியாகத் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாள். வந்தால் வரட்டும், மூக்கில் வந்தால் சூடு என்று சொல்ல இந்த வீட்டில் ஆள் இல்லை என்றாள் ஜெனி. சித்தியை அவளே இழுத்துக்கொண்டு போய்ப் பரிசோதிக்க வைத்தாள். சித்திக்கும் அதே குறைதான். இத்தனை வருஷம் அது தன் தலையெழுத்து என்று நினைத்திருந்தவளுக்கு, அதற்கு ஒரு பெயர் இருப்பதே பெரிய மரியாதையாக இருந்தது. அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் டாக்டர் சொன்ன அந்த வெள்ளைக்காரப் பெயரைத் தப்பும் தவறுமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஷிஜி கவிழ்ந்து படுக்க ஆரம்பித்த மாதத்தில் ஜெனிக்கு மறுபடி மாதவிலக்கு வந்தது. வந்தவுடன் போட வேண்டிய மாத்திரையை டாக்டர் முன்பே எழுதிக் கொடுத்திருந்தாள். ஜெனி பழக்கப்படி பழைய துணிகளை எல்லாம் எடுத்து அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒரு நாள் போயிற்று. இரண்டாம் நாளும் போயிற்று. அடுக்கிய துணி அடுக்கியபடியே இருந்தது. நாலாம் நாள் காலையில் கடைக்கு இறங்கி வந்தாள். ஞானசெல்வி யாருக்கோ ஓமம் நிறுத்துக்கொண்டிருந்தார். ஆள் போகும்வரை ஜெனி காத்திருந்தாள்.

"அத்த, நின்னு போச்சு. மாத்திர சரியா வேல செய்யுதா, இல்ல எனக்கு வேற இன்னாவாச்சும் ஆயிடுச்சா?"

எத்தனை நாள், எப்படி இருந்தது என்று ஞானசெல்வி விசாரித்தார். ஜெனி சொன்னாள்.

"சரியாத்தான் இருக்கு" என்றார் அவர்.

"எல்லா பொம்பளைக்கும் இவ்ளோதானா அத்த?"

"இவ்வளவுதான் மக்கா."

ஜெனி கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். பதிமூன்று வயதிலிருந்து கூடப் படித்த பெண்கள், யார்டு அலுவலகத்துப் பெண்கள், ரோட்டில் எதிர்ப்படுகிற பெண்கள் எல்லோரும் தன்னைப் போலத்தான் நனைந்துகொண்டு நடக்கிறார்கள், தனக்குத்தான் தாங்கத் தெரியவில்லை என்று நினைத்திருந்தாள் அவள்.

"இதுக்கோசரம் நான் ஒரு தபா கூட லீவு போட்டதில்ல, தெரியுமா" என்றாள். சொல்லும்போதே சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணீரும் வந்தது. ஞானசெல்வி எடைத்தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் நின்றுகொண்டார்.